நகர்த்துவதே இல்லை என்று நான் சொன்ன சிலிண்டர்

அண்ணாச்சி,

தென்காசியைத் தனி மாவட்டமாகப் பிரிக்கப்போவதாக அறிவித்த ஆடி மாதம் அது. கொரோனா என்ற பேரை நம் ஊரில் ஒருவரும் கேட்டிராத காலம். எங்கள் தெரு அடிபம்பில் எவ்வளவு அடித்தாலும் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. கோமதியம்மன் கோயிலில் தபசுக்குக் கொடி ஏறி அன்றைக்கு மூன்றாம் நாள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், எந்த வருசம் பெரியவரே என்று கேட்டபோது இதையெல்லாம்தான் சொன்னேன். எனக்கு வருசத்தை இப்படித்தான் சொல்ல வரும். அவர் விரல்விட்டுப் பார்த்து ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டார். அடுத்த வரிக்கு வந்தோம். உங்களை 'இறந்துபோன கம்பவுண்டர்' என்று யாரோ போலச் சொல்லிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை. முதலில் அண்ணாச்சிக்கு ஒன்று எழுத வேண்டும் என்றேன். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மனுத்தாளைப் பலகைக்கு அடியில் செருகி, வேறு தாள் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுவார். பரவாயில்லை, நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

நேற்றுக் காலை பிரஷர் மாத்திரை வாங்க நம் கிளினிக்குக்குப் போனேன். நம் கிளினிக் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. இப்போது டாக்டரின் மகன் பார்க்கிறார். தெருமுக்கில் திரும்பும்போதே பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. சாக்கடை ஓரம் முழுக்க வெள்ளையாகச் சிந்திக் கிடந்தது. சாதாரண நாளில் யாரும் இவ்வளவு போடமாட்டார்கள். இன்றைக்குச் சுகாதாரத்துறை ஆய்வு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, வாடைதான் சொன்னது.

பிறகு பின்பக்கச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். லோடு ஆட்டோ ஒன்று இன்ஜினை அணைக்காமல் நின்றது. இரண்டு பேர் ஆக்சிஜன் சிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. உருட்டுகிற விதம் தெரியும். நீங்கள் போய்விட்டீர்கள், உங்கள் ஏற்பாடு போகவில்லை அண்ணாச்சி.

அந்த ஏற்பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். ஆய்வுக்கு வருகிறார்கள் என்ற தகவல் எப்படியும் ஒரு நாள் முன்னதாக வந்துவிடும். யார் சொல்வார்கள் என்று நான் கேட்டதில்லை. ராஜபாளையம் ரோட்டுக் கிளினிக்கில் ஆக்சிஜன் கிடையாது. அந்தக் காலத்தில் நம்மிடம் சொந்தமாக ஒன்று இருந்தது, நல்ல நிலையில்; ஆய்வு நாளில் அவர்களுக்கும் அதுதான் போகும். நம்மிடம் மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி பழுதாகிக் கிடந்தபோது அவர்கள் தங்களுடையதைத் தந்தார்கள். தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டர் பக்கத்து ஜவுளிக்கடையிலிருந்து வந்து நம் சுவரில் ஏறும். காலாவதியான மருந்தெல்லாம் சாக்கில் கட்டி எதிர்வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போகும். கைகழுவும் முறையைப் படம் போட்ட அட்டையை எங்கே மாட்டினீர்கள்? ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தின் மேல். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுவதில்லையா, அதுபோலத்தான் என்றீர்கள். அப்புறம் சொன்னீர்கள்:

"உள்ளதைக் காட்ட டாக்டர் போதும் வே. இல்லாததைக் காட்டத்தான் கம்பவுண்டர்."

நான் சிரித்தேன். உங்கள் பேச்சுக்குச் சிரிக்காதவர் யார்? ஊசிக்கு அழுகிற கிழவிகளே சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் நான். அய்யாவுக்குக் காசநோய் என்று இங்கே கூட்டிவந்து, அவர் செத்தபிறகும் ஊருக்குத் திரும்பாமல் நம் கிளினிக்கிலேயே தங்கிவிட்டேன். கண்ணாடி ஊசிக்குழாயை அடுப்பில் கொதிக்கவைத்த காலம் தொட்டு, கரண்டில் ஓடுகிற ஸ்டெரிலைசர் பெட்டி வந்த காலம் வரைக்கும் அந்த வேலை என்னுடையது. எத்தனை நாள் கொதிக்கவைத்தேன், எத்தனை நாள் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் எழுதுவது நீங்கள்.

அந்த ஆடியில் ரிஜிஸ்டர் மூன்று மாதமாக எழுதப்படாமல் கிடந்தது. மத்தியானம் ஓ.பி. முடிந்து, நீங்கள் மேசையில் மூன்று பேனாவைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஊதா, கறுப்பு, மை தீரப்போகிற ஒன்று. ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்றீர்கள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒவ்வொரு நாளாகக் கேட்டீர்கள், நான் சொன்னேன். அன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்டு இல்லை அண்ணாச்சி. அப்படியா, அப்ப அந்த நாளை விட்டுருவோம். அன்றைக்கு டாக்டர் வாசுதேவநல்லூர்க் கல்யாணத்துக்குப் போய்க் கிளினிக் திறக்கவே இல்லை. சரி, அதுவும் வேண்டாம். இப்படி நான் நிஜத்தைச் சொல்லச் சொல்ல, பொய் எங்கே எழுதினால் மாட்டிக்கொள்ளாது என்று நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதினீர்கள். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தீர்கள்.

"உமக்கு எழுத்து வராதது நல்லதாப் போச்சு வே. வந்திருந்தா என்னையப் பிடிச்சு உள்ள தள்ளிருப்பீரு."

"உங்களத் தள்ளிட்டு நான் யார்கூடக் காப்பி குடிக்கது?" என்றேன்.

மறுநாள் விடியலிலேயே பிளீச்சிங் பவுடர் போட ஆரம்பித்தேன். உங்களுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். தூசி ஆகாது, சாம்பிராணி ஆகாது. நீங்கள் வாசலில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் ரெண்டு கை போடும் வே, வாடையிலேயே பாஸ் போட்டுரணும்" என்றீர்கள். நான் இரண்டு கை போட்டேன். அதற்குமேலும் ஒரு கை போட்டேன். அந்தக் கடைசிக் கையை நீங்கள் கேட்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்த ஆபீசரம்மா சின்ன வயசு. சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். குப்பை வாளிகளின் நிறத்தை என்னிடம் கேட்டார், எதில் எதைப் போடுவது என்று. மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சு, சிவப்பில் டியூப் என்று நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். நன்றாகச் சொல்கிறீர்கள் ஐயா என்றார். நர்ஸ் செல்லத்தாயி எனக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிவப்பு வாளி அன்றைக்குக் காலையில்தான் கடையிலிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். ரிஜிஸ்டரைப் புரட்டினார். கரண்டு இல்லாத நாளில் எழுத்து இல்லாததைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். நீங்கள் பணிவாகக் காரணம் சொன்னீர்கள். அந்த விட்டுப்போன நாளைப் பார்த்துத்தான் மற்ற நாளையெல்லாம் அவர் நம்பினார். அந்த நாளைச் சொன்னவன் நான்.

பிறகு சிலிண்டருக்கு வந்தார். டாக்டரையும் உங்களையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது எப்பவும் இங்கேயே இருக்குமா, ஐயா? நீங்க சொல்லுங்க."

அப்போது பின்சந்தில் சிலிண்டர் ஏற்றுகிற ஆட்டோக்காரன் இசக்கி வண்டியோடு காத்திருந்தான். இவர்கள் அடுத்துப் போகப்போவது ராஜபாளையம் ரோட்டுக் கிளினிக்குக்கு. இவர்களுக்கு முன்னால் சிலிண்டர் போய்ச்சேர வேண்டும். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இங்கனதான் இருக்கும்மா. நகத்துறதே இல்ல. தரையப் பாருங்க, வட்டமாத் துரு பிடிச்சிருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார், துருத்தடத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். துருத்தடத்தைக் காட்டும்படி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது என் சொந்தச் சாமர்த்தியம்.

டாக்டர் அவர்களைக் காபிக்கு உட்காரவைத்தார். அந்த நேரத்தில் நானும் இசக்கியும் சிலிண்டரை உருட்டி ஏற்றினோம். இசக்கி போனான். பின்னால் ஆபீசரம்மாவின் ஜீப் போனது. வழி காட்டுகிறேன் என்று டாக்டரும் காரில் போனார். நீங்கள் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அப்படியே சாய்ந்து, ஜெயிச்சிட்டோம் வே என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை.

செல்லத்தாயி ஓடிவந்து நெபுலைசரை வைத்தாள், ஊசி போட்டாள். வழக்கமாக அதிலேயே அடங்கிவிடும். அன்றைக்கு அடங்கவில்லை. உதடு நிறம் மாறியது. ஆக்சிஜன் வைக்கணும் என்றாள். சொன்னவுடனே அவளும் நானும் நீங்களும் மூன்று பேருமாகச் சுவரோரம் பார்த்தோம். துருவட்டம் இருந்தது. மேலே சுவரில் ஜவுளிக்கடைக்காரரின் சிவப்புச் சிலிண்டர் இருந்தது. தீப்பிடித்திருந்தால் அணைத்திருக்கலாம்.

செல்லத்தாயி இசக்கிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். அவன் குசுகுசுத்தான்.

"ஆபீசரம்மா பக்கத்துலயே நிக்காங்க அக்கா. சிலிண்டர் மேல இருக்க கடியாரத்தத் தொட்டுப் பாக்காங்க. இப்ப எப்படித் தூக்க?"

டாக்டருக்குப் போட்டாள். அவர் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, பத்தே நிமிசம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரி நம் கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிசம். செல்லத்தாயி தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை நிறுத்திவிட்டே வந்துவிட்டாள். நான் உங்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். நீங்கள் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"வேண்டாம் வே... அங்க... கேப்பாங்க."

என்ன கேட்பார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. இன்றைக்கு ஆய்வு முடித்த கிளினிக்கின் கம்பவுண்டருக்கு அந்தக் கிளினிக்கிலேயே ஆக்சிஜன் இல்லையா என்று கேட்பார்கள். உங்கள் விரலைப் பலவந்தமாகப் பிரித்திருக்கலாம். உங்கள் உடம்பைவிட என் உடம்பு திடம், ஆடு தூக்கிய கை. நான் பிரிக்கவில்லை. இந்தா வந்துரும் அண்ணாச்சி, இந்தா வந்துரும் என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஹாரன் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நீங்கள் கடைசியாகப் பார்த்தது என்னை அல்ல. அந்த வட்டத்தை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தத் தாளையே எடுக்கச் சொன்னேன்.

உங்கள் மூச்சு நின்ற பிறகுதான் இசக்கி வந்தான். அவன் சந்தில் சிலிண்டரை இறக்குகிற அதே நேரம், யாரோ போய்ச் சொல்லி மதினி தெருவழியே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். டாக்டரும் பின்னாலேயே வந்துவிட்டார். வந்தவர் நாடியைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். திரையை இழுத்தார். செல்லத்தாயியிடம் மாஸ்க்கை மாட்டு என்றார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்க்கை எடுத்து உங்கள் முகத்தில் வைத்துப் பிடித்தேன். இசக்கி சிலிண்டர் சாவியைத் திருகினான். காற்று சீறிக்கொண்டு வந்தது. திரை விலகியது. மதினி பார்த்தார்கள்.

இல்லாததைக் காட்ட அன்றைக்குக் கம்பவுண்டர் தேவைப்படவில்லை அண்ணாச்சி. நாங்களே போதுமாக இருந்தோம்.

எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு ஞாபகம் இல்லாதது அது ஒன்றுதான். டாக்டர் எவ்வளவோ பார்த்தோம்மா என்றார். நானும், ஆக்சிஜன் வச்சோம் மதினி, ஒண்ணும் கேக்கல என்றேன். என் வாயால் சொன்னேன்.

உங்கள் திதிக்கு வருசா வருசம் மதினி எனக்கு ஆள் அனுப்புவார்கள். போகாமல் இருக்க முடியாது. சொந்தக்காரர்களுக்கு முன்னால் எனக்கு இலை போட்டு, வந்தவர்களிடம் என் வலது கையைக் காட்டிச் சொல்வார்கள்: "கடைசி மட்டும் அவுகளுக்கு மூச்சுப் பிடிச்சுக் குடுத்த கை இது. ஒரு சிலிண்டர் பத்தாதுன்னு ஆட்டோவுல இன்னொண்ணும் வரவச்சாக. நான் ஓடிவாரப்ப எங்கண்ணால பாத்தேன், சந்துல இறக்கிட்டு இருந்தாக." அப்போது நான் அந்தக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அவர்கள் பார்த்தது இரண்டாவது சிலிண்டர் இல்லை. அது ஒன்றுதான் இருந்தது. கண்ணால் பார்த்ததற்கு அர்த்தம் தெரியாமலே ஐந்தாறு வருசமாக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றுக்கு வருகிறேன். சந்திலிருந்து முன்வாசலுக்கு வந்தேன். ஆய்வுக்கு வந்தவர் இந்தத் தடவை ஆண். கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போனை வைத்துத் தட்டித் தட்டிப் பதிந்துகொண்டிருந்தார். பெஞ்சில் மூச்சிரைப்போடு ஓர் அம்மாள் சாய்ந்திருந்தார்கள், கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள், அவர்களுக்கு முன்னால் இன்னும் மூன்று டோக்கன். அவர்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அந்த உதட்டு நிறம் எனக்குத் தெரியும்.

நான் ஆபீசரிடம் போய், சார், அந்தச் சிலிண்டர் இந்தக் கிளினிக்குடையது இல்லை, நீங்கள் போனதும் அதுவும் போய்விடும் என்றேன். டாக்டரின் மகன் முகம் இறுகியது. மேசையில் இருந்த பெண், தாத்தாவுக்கு சுகர் கூடிருச்சு சார், இப்படித்தான் ஏதாச்சும் சொல்லுவாரு என்று சிரித்தாள். எனக்கு சுகர் கிடையாது. ஆபீசர் சிரிக்கவில்லை. நல்லவர்தான். என்னைத் தனியே அழைத்து, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். நானே உருட்டியிருக்கிறேன் என்றேன். ஒருத்தர் செத்தார் என்றும் சொன்னேன். அவர் தட்டுவதை நிறுத்தினார். வாய்வார்த்தையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது பெரியவரே, எழுதிக் கொடுங்கள், எப்போது, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், சாட்சி பேர் போடுங்கள் என்றார். எனக்கு எழுத வராது என்றேன். எழுதத் தெரிந்தவரை வைத்து எழுதுங்கள் என்றார்.

எழுதத் தெரிந்தவர் எனக்கு ஒருவர்தான் இருந்தார்.

ஆபீசர் அப்படியே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் சந்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் லோடு ஆட்டோ திரும்பிவந்தது. சிலிண்டரை ஏற்றினார்கள். கரிவலம்வந்தநல்லூர் அம்மாளுக்கு நேற்று நெபுலைசரிலேயே அடங்கிவிட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். நேற்றைக்கு அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது மனு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். இதெல்லாம் சரி பெரியவரே, மனுவுக்குச் சாட்சி யார்? உம்ம ஒருத்தர் பேச்சை வச்சு எவன் நடவடிக்கை எடுப்பான்?

சொல்லிப் பார்க்கிறேன். டாக்டர் கொரோனாவில் மதுரையில் போனார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் இருந்ததாம், கேட்கவில்லையாம். இசக்கி அதற்கு மறுவருசம் கரிவலம்வந்தநல்லூர் வளைவில் லாரியில் மோதிப் போனான். செல்லத்தாயிக்கு மார்பில் கட்டி. சொல்லாமல் மறைத்துவைத்திருந்தாள், போன தைக்குப் போனாள். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, அந்த ஆட்டோவ நான் நிப்பாட்டித்தானே வச்சேன் அண்ணாச்சி என்று என்னிடம் கேட்டாள். ஆமா மக்கா, நிப்பாட்டித்தான் வச்ச என்றேன். அந்த ஆட்டோக்காரர் யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த ஆபீசரம்மா எங்கே மாற்றலாகிப் போனாரோ, அவர் பார்த்ததெல்லாம் நாம் காட்டியது.

அன்றைக்கு அந்தச் சந்தில், எந்த நேரத்தில், எத்தனை சிலிண்டர் இறங்கியது என்று கண்ணால் கண்டவர் என்னைத் தவிர இன்னும் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் நான் முதலில் போக வேண்டும். அவர் கண்டது என்ன என்பதை அவருக்கே சொல்ல வேண்டும். இந்தக் கையை அவர் முன்னால் நீட்டிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு இலை கிடையாது. நீங்கள் இருந்தால் வேண்டாம் வே, கேப்பாங்க என்பீர்கள். கேட்கட்டும் அண்ணாச்சி. ஆனால் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்பதற்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதற்கும் ஒரு வழி எழுதித் தந்திருப்பீர்கள்.

மனு எழுதுகிறவர் பழைய தாளைப் பலகைக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டார். சாட்சி பேரைச் சொல்லும் பெரியவரே, நேரம் ஆகுது என்கிறார்.

பேச்சியம்மாள்.